குழாயில் வருவதைத்தான் அவையும் குடிக்கின்றன: எங்கள் அடுக்ககச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கு,

எல்லா லிஃப்டுகளிலும் நீங்கள் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையைப் படித்தேன். பொது ஆர்.ஓ. குழாய்த் தண்ணீர் மனிதர்கள் குடிப்பதற்கு மட்டும் என்கிறீர்கள். நாய், பூனைகளுக்கு அதைப் பிடிப்பது தெரிந்தால் 500 ரூபாய் அபராதம் என்கிறீர்கள். அதோடு, "செல்லப்பிராணிகளுக்கு வீட்டுக் குழாய்த் தண்ணீரே போதுமானது" என்று முடித்திருக்கிறீர்கள். அபராதம் இரண்டாவது பிரச்சினை. அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த மடல்.

போதுமானது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? நம் சம்ப் (நிலத்தடித் தொட்டி) தண்ணீரைக் கடைசியாக எந்த ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தீர்கள்? அந்த அறிக்கை எங்கே?

நவம்பர் மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கார் நிறுத்துமிடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். பி பிளாக் ஓரமாக இருக்கும் சம்பின் மூடி தரையோடு தரையாக இருக்கிறது. அதன் ஒரு மூலை உடைந்து, மேலே ஒரு பிளைவுட் துண்டை வைத்து, அதன்மேல் ஒரு சிமென்ட் கல்லை ஏற்றி வைத்திருக்கிறார்கள். மழைத்தண்ணீர், சாக்கடைத் தண்ணீர், பக்கத்துக் காலி மனையிலிருந்து அடித்துக்கொண்டு வந்த குப்பை எல்லாம் அந்த மூடிக்கு மேலேதான் நின்றது. வடிந்த பிறகு அங்கே எலி செத்து மிதந்ததைப் பெருக்க வந்த அக்கா எடுத்துப் போட்டார். சம்புக்குள் எதுவும் இறங்கவில்லை என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? அந்த வாரம் குளியலறைக் குழாயைத் திறந்தபோது வந்த வாடையை நாம் எல்லோரும்தான் முகர்ந்தோம்.

அதே வாரத்தில்தான் வெவ்வேறு பிளாக்குகளில் நாய்கள் ஒவ்வொன்றாக வாந்தி, பேதி என்று படுத்தன. குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் நான் கேட்டபோது உங்கள் பதில் இதுதான்: "குழாய்த் தண்ணீர் குடிப்பதற்கானது அல்ல. இது எல்லோருக்கும் தெரிந்தது. அதைப் பிராணிகளுக்குக் கொடுப்பது அவரவர் பொறுப்பு." சரி, அன்று அப்படிச் சொன்னீர்கள். இன்று அதே குழாய்த் தண்ணீர் பிராணிகளுக்குப் போதுமானது என்று அச்சடித்து ஒட்டுகிறீர்கள். நோய் வரும்போது அது குடிநீர் இல்லை, ஆர்.ஓ. தண்ணீர் கேட்கும்போது அது குடிநீர். இரண்டில் எது உங்கள் நிலைப்பாடு?

எங்கள் கருப்பனுக்கு அப்போது என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். நாட்டு நாய், ஆறு வயது, வருடா வருடம் தடுப்பூசி போட்டவன். முதலில் சாப்பாட்டை விட்டான். அப்புறம் தண்ணீர் குடித்த கையோடு வாந்தி. மூன்றாம் நாள் சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனது. மருத்துவர் அவன் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வழக்கமாக இளஞ்சிவப்பாக இருக்கும் இடம் மஞ்சள் பூசியதுபோல் இருந்தது. ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன தண்ணி குடிக்கிறான்?" பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. டிரிப்ஸ், பென்சிலின், பிறகு டாக்ஸிசைக்ளின் என்று போய், பிழைத்துவிட்டான். ஆனால் சிறுநீரகம் பழையபடி இல்லை. இனிமேல் அவனுக்குத் தனிச் சாப்பாடு.

எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரில் வெளியே வருகிறது. ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். குடிப்பதால் மட்டும் இல்லை, வாய், கண், காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாகவும் உள்ளே போகும். தடுப்பூசியில் இருக்கும் வகைகளுக்குத்தான் அது காவல். கிருமியில் வகைகள் பல. சம்பிலிருந்துதான் கருப்பனுக்கு வந்தது என்று நான் சத்தியம் செய்யவில்லை. கார் நிறுத்துமிடத்தில் தேங்கிய தண்ணீரை மிதித்ததாலும் வந்திருக்கலாம். ஆனால் அதுவும் இந்த வளாகத்தின் தண்ணீர்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்த நோய் மனிதர்களுக்கும் வரும், நோயுற்ற நாயின் சிறுநீர் வழியாகவும் வரும். "இது பிராணி வளர்ப்பவர்கள் பிரச்சினை" என்று ஒதுக்க முடிந்த விஷயம் இல்லை இது.

சந்தேகத்தோடு நிற்கக்கூடாது என்று, கிருமி பார்க்கும் ஹெச்.டூ.எஸ். குப்பிகளை வாங்கி வந்தேன். கட்டைவிரல் உயரக் கண்ணாடிப் பாட்டில், அடியில் கொஞ்சம் மருந்து காய்ந்து ஒட்டியிருக்கும். கோடு வரைக்கும் தண்ணீரைப் பிடித்து, மூடி, வெயில் படாமல் வைக்க வேண்டும். மலக்கலப்பு இருந்தால் ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் கறுத்துவிடும். எங்கள் சமையலறைக் குழாயில் பிடித்த குப்பி மறுநாள் காலையிலேயே மை ஊற்றியதுபோல் இருந்தது. பக்கத்து வீட்டில் பிடித்ததும் அப்படித்தான். ஆர்.ஓ. குழாயில் பிடித்த குப்பி தெளிவாக இருந்தது. மூன்றையும் படம் எடுத்துச் செயலாளருக்கு அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை. அதற்குப் பிறகு வந்தது இந்தச் சுற்றறிக்கைதான்.

இதைச் செய்ய வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு குழாய்க் குடிநீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்கள் வீதம் தண்ணீர்ப் பரிசோதனைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். இதே குப்பிகளை அவர்கள் கையாளுகிறார்கள். மாதம்தோறும் லட்சக்கணக்கில் பராமரிப்புக் கட்டணம் வசூலிக்கும் நம்மால் முடியாதா?

போன பொதுக்குழுவில் இதை எடுத்தபோது ஓர் உறுப்பினர், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை எடுத்துக் காட்டி, "1,200தான் இருக்கு, ஒன்றும் ஆகாது" என்றார். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கட்டும் என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்கிறது. அந்த வகையில் அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் மீட்டர் உப்பை அளக்கும், கிருமியை அளக்காது. அதே தரம், 100 மில்லி தண்ணீரில், மலக்கலப்பைக் காட்டும் ஈ-கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று சொல்கிறது. இதற்கு எந்தத் தளர்வும் கிடையாது. சென்னையில் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் குடியிருக்கும் நாம் எல்லோரும் டி.டி.எஸ். எண்ணையே தண்ணீரின் மொத்த ஜாதகமாக நினைத்துப் பழகிவிட்டோம். லாரித் தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது, அந்த லாரியின் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேட்பதே இல்லை.

என் முக்கியமான ஆட்சேபத்துக்கு வருகிறேன். "குடிப்பதற்கு அல்லாத பயன்பாடு" என்ற ஒரு வகையை வைத்துக்கொண்டுதான் நீங்கள் சம்ப் தண்ணீரைக் கவனிக்காமல் விடுகிறீர்கள். பிராணி இருக்கும் வீட்டில் அப்படி ஒரு வகையே கிடையாது. கருப்பனுக்குக் கிண்ணத்தில் கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரைத்தான் வைக்கிறேன். ஆனால் குளிப்பாட்டிவிட்டால் உடம்பு முழுக்க நக்கிக்கொள்கிறான். தரையைத் துடைத்த ஈரத்தை நக்குகிறான். எங்கள் பூனை பூரணி கிண்ணத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டாள். வாஷ்பேசின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, சொட்டும் குழாய்க்குக் கீழே தலையைச் சாய்த்து, சொட்டுச் சொட்டாக நாக்கில் வாங்கித்தான் குடிப்பாள். ஓடும் தண்ணீர்மேல் நிறைய பூனைகளுக்கு அப்படி ஒரு ஈர்ப்பு. எந்தக் குழாய் குடிநீர்க் குழாய், எது இல்லை என்று அவளுக்கு எந்தச் சுற்றறிக்கையில் எழுதிச் சொல்வீர்கள்? தவழும் குழந்தை இருக்கும் வீட்டிலும் இதே கதைதான். குளிக்கும்போது வாயில் தண்ணீர் போகாத குழந்தை உண்டா?

பூனையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை வம்சம் என்பதால் அதற்குத் தாகம் இயல்பாகவே குறைவு. தண்ணீரில் வாடை அடித்தால் இன்னும் குறைத்துக்கொள்ளும். உலர் தீவனம் சாப்பிடும் ஆண் பூனை தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொள்ளும் ஆபத்து கூடும். அடைத்தால் சில நாளில் உயிரே போய்விடலாம். அதனால் பூனை வளர்ப்பவர்கள் நல்ல தண்ணீர் கேட்பதைச் செல்லம் என்று நினைக்காதீர்கள்.

நாய், பூனையோடும் இது முடியவில்லை. வாசல் காவலுக்கு நிற்கும் அண்ணன்மார்களும் பெருக்கித் துடைக்கும் அக்காமார்களும் கேட் ஓரக் குழாயில்தான் பாட்டில் நிரப்புகிறார்கள். அது சம்ப் லைன். அவர்கள் ஆர்.ஓ. குழாயில் பிடிக்கக்கூடாது என்று எழுதிப் போடவில்லைதான். ஆனால் அந்த அறைக்கு வீட்டு உரிமையாளர்களின் அட்டைதானே வேண்டியிருக்கிறது. பிராணிகளுக்குப் போதும் என்று நீங்கள் முத்திரை குத்திய தண்ணீரை நாள் முழுக்கக் குடிப்பவர்கள் இவர்கள்.

அடுத்தது பிளீச்சிங் பவுடர். வாடை பற்றிப் புகார் வந்ததும், ஒரு நாள் காலையில் நிரம்பியிருந்த சம்பிலேயே பவுடரை அள்ளிக் கொட்டி மோட்டாரைப் போட்டார்கள். யாருக்கும் ஒரு வரி அறிவிப்பு இல்லை. முறையாகச் செய்தால் சம்பை வடித்து, சகதியை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவி, மருந்துத் தண்ணீரை நிறுத்தி வைத்து, அதையும் வெளியேற்றிவிட்டுத்தான் புதுத் தண்ணீர் விட வேண்டும். அன்று ஏ பிளாக்கில் பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தையின் மீன்தொட்டிக்கு அவள் தாத்தா வழக்கம்போல் பாதித் தண்ணீரை மாற்றியிருக்கிறார். சாயங்காலம் அவள் வரும்போது அத்தனை மீனும் மேலே மிதந்தன. குளோரின் மீனின் செவுள்களை அரித்துவிடும். நாய்க்கும் நமக்கும் கேடு செய்யாத அளவே மீனுக்கு எமன். முந்தின நாள் ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தால் அந்தத் தாத்தா தண்ணீரை மாற்றியிருக்க மாட்டார்.

நான் குளோரினுக்கு எதிரி இல்லை. சொல்லப்போனால், நம் குழாயில் தினமும் கொஞ்சம் குளோரின் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மீதம் நிற்க வேண்டும் என்பது அதே ஐ.எஸ். 10500 சொல்லும் அளவு. குளோரோஸ்கோப் என்ற சிறு பரிசோதனைக் கருவியில் தண்ணீர் பிடித்து, சில சொட்டு மருந்து விட்டு, தண்ணீர் எவ்வளவு மஞ்சளாகிறது என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். உள்ளாட்சிப் பணியாளர்கள் தெருக்குழாயில் செய்து பார்ப்பதுதான். மாதக்கணக்கில் ஒன்றுமே போடாமல், திடீரென்று ஒரு நாள் மூட்டையைக் கவிழ்ப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஆர்.ஓ. தண்ணீர் பற்றாது என்ற உங்கள் காரணத்தையும் பார்த்துவிடலாம். ஒரு நாய்க்கு எடையில் கிலோவுக்கு 50, 60 மில்லி தண்ணீர் ஒரு நாளைக்குத் தேவை. வெயில் காலத்தில் இன்னும் கூடும். 30 கிலோ லாப்ரடார் என்றாலும் ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டருக்குள்தான். பூனைக்குக் கால் லிட்டர் போதும். நம் வளாகத்தில் உள்ள எல்லாப் பிராணிகளையும் சேர்த்தாலும் நாளுக்கு மூன்று நான்கு கேன் தண்ணீரைத் தாண்டாது. சுத்திகரிக்கும்போது ஆர்.ஓ. இயந்திரம் கழிவாகத் தள்ளும் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறதே, அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. ஓஸ் பைப்பைத் திறந்துவிட்டுக் கார் கழுவுவதற்கு இங்கே ஒரு அபராதமும் கிடையாது.

2019 கோடையை நினைத்துப் பாருங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இந்த வளாகத்தில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம்தான் தண்ணீர் விட்டீர்கள். அப்போதுகூட நாய்க்குத் தண்ணீர் வைக்காதே என்று யாரும் சொன்னதில்லை. மாடியில் காக்கைக்கும் அணிலுக்கும் மண்சட்டி வைத்தவர்களில் இன்றைய செயற்குழு உறுப்பினர்களும் உண்டு, நானே பார்த்திருக்கிறேன். அதனால் இந்தச் சுற்றறிக்கையை நீங்கள் கல் மனதோடு எழுதியதாக நான் நினைக்கவில்லை. தண்ணீரைப் பரிசோதிக்காமல், பிராணி வளர்ப்பவர்களைக் கேட்காமல் எழுதியிருக்கிறீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எழுப்பிய குரலின் பலனாக வந்தது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். வளர்க்கும் பிராணிக்குப் போதுமான உணவும் குடிக்கத் தண்ணீரும் கொடுக்காத உரிமையாளரை அதன் 11ஆவது பிரிவு குற்றவாளியாக்குகிறது. ஆக, கருப்பனுக்கு நல்ல தண்ணீர் கொடுப்பது என் சட்டக் கடமை. அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியம், குடியிருப்போர் சங்கங்களுக்கென்றே 2015இல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. பிராணி வளர்ப்பதைச் சங்கங்கள் தடுக்கக்கூடாது, லிஃப்ட் போன்ற பொது வசதிகளை மறுக்கக்கூடாது என்பது அதன் சாரம். வழக்கு, வாய்தா என்று போக எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரு சங்கம் தன் அதிகாரத்தின் எல்லையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இனி, நான் கேட்பவை.

முதலில் அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் வீட்டுக்கு இத்தனை லிட்டர் என்று அளவு வைப்பதானால் வையுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். அதை யார் குடிக்கிறார்கள் என்பதை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். காவல், துப்புரவுப் பணியாளர்களுக்கு அந்த அறையைத் திறந்துவிடுங்கள். இதைத் தனித் தீர்மானமாகவே நிறைவேற்றுங்கள்.

பி பிளாக் சம்பின் மூடியை இந்த மாதத்துக்குள் மாற்றுங்கள். மாற்றினால் மட்டும் போதாது. வாயைச் சுற்றி ஓர் அடி உயரத்துக்காவது சுவர் எழுப்பி, அதன்மேல் ரப்பர் விளிம்போடு மூடி போட வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழை எப்படியும் அக்டோபரில் வந்துவிடும். காற்றுப்போக்கிக் குழாய்களுக்கு எலி நுழையாத வலை அடியுங்கள். மேல்நிலைத் தொட்டிகளின் மூடிகளையும் ஒருமுறை ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். டி பிளாக் தொட்டிக்கு மூடியே இல்லை என்று பிளம்பர் சொல்கிறார்.

சம்ப், ஒவ்வொரு பிளாக்கின் மேல்நிலைத் தொட்டி, ஏதாவது ஒரு வீட்டுக் குழாய் மூன்றிலும் தண்ணீர் எடுத்து, கிண்டி கிங் நிலையத்திலோ அரசு அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்திலோ கொடுத்துக் கிருமிப் பரிசோதனை செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது நடக்கட்டும். சுற்றறிக்கை ஒட்டிய அதே லிஃப்டில் அந்த அறிக்கையையும் ஒட்டுங்கள். வாரம் ஒருமுறை குளோரோஸ்கோப்பில் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைக்க நானும் இன்னும் சிலரும் முறை வைத்துக்கொள்ளத் தயார்.

சம்ப் கழுவுவதாகவோ மருந்து போடுவதாகவோ இருந்தால் குறைந்தது இரண்டு நாள் முன்னால் எழுத்தில் அறிவியுங்கள். அன்றைக்கு மீன்தொட்டித் தண்ணீரை மாற்ற வேண்டாம், பறவை வளர்ப்பவர்கள் முந்தின நாளே பிடித்து வையுங்கள் என்று அதிலேயே ஒரு வரி சேருங்கள்.

தோட்டத்துக்குப் போவது எஸ்.டி.பி.யில் (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில்) சுத்திகரித்த கழிவுநீர் என்று குடிவந்து வெகுகாலம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. நாய்களை நடத்திக் கூட்டிப்போகும் பாதையில் இருக்கும் குழாய் அதுதான். அங்கே கிண்ணம் நிரப்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழாய்களுக்கு வேறு நிறம் அடித்து, "குடிக்க உகந்ததல்ல" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதி வையுங்கள். சம்ப் தண்ணீரைச் சரிசெய்து பரிசோதித்த பிறகு, நாய்ப் பாதையில் சம்ப் லைனிலிருந்து ஒரு தனிக் குழாய் இழுங்கள். அந்தச் செலவை நாய் வளர்ப்பவர்கள் நாங்களே பகிர்ந்துகொள்கிறோம்.

இந்தக் கோரிக்கைகளை வரும் பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக வையுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்பாக, எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் பதில் தாருங்கள். கருப்பனின் ரத்தப் பரிசோதனை அறிக்கை, குப்பிகளின் படங்கள், சம்ப் மூடியின் படங்கள் எல்லாவற்றையும் இந்த மடலோடு இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சி பிளாக் குடியிருப்பாளர்